பெட்டிக்குள் இறால் வறுக்கும் சத்தம்

3 ஜூலை 2025, வியாழன்

காலையில் ரிப்பேருக்கு இரண்டு மிக்ஸி, ஒரு டேபிள் ஃபேன். மூன்றும் கை வைத்த மாத்திரத்தில் ஓடின. ஃபேன் மட்டும் கொஞ்சம் யோசித்து ஓடியது.

மதியம் தங்கச்சி ஜமுனாவின் புருஷன் பொன்னுரங்கம் கடைக்கு வந்தான். நண்டு கொண்டுவரும் பிளாஸ்டிக் டப்பில் தன் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி, திருட்டுச் சாமான் போலத் தூக்கி வந்தான்.

மாப்பிள்ளை வருஷம் முழுக்க உப்புத்தண்ணி ஏரியில் நண்டு வலை போடுகிறவன். திருவிழாக் காலத்தில் மட்டும் ‘கவி மெலடீஸ்’ கச்சேரியில் கிட்டார். பதினோரு வருஷமாக. பளபளா சட்டை, ராத்திரியிலும் கூலிங் கிளாஸ். சுண்ணாம்புக்குளத்தில் வந்து பொன்னுரங்கம் வீடு எது என்றால் எந்தப் பொன்னுரங்கம் என்பார்கள். கிட்டார் பொன்னுரங்கம் என்றால் வாசல்வரை கூட்டிப்போய் விடுவார்கள்.

போன வாரம் ஒரு கோயிலில் தீபாராதனை சமயம். மேளம் நின்று, ஜனம் கை கூப்பி நிற்க, இந்தப் பெட்டி மட்டும் ‘ஸ்ஸ்ஸ்’ என்றதாம். பூசாரி திரும்பி, “எவன்டா அவன், சாமிக்குப் பின்னாடி இறால் வறுக்கிறது?” என்று கேட்டாராம்.

கச்சேரி முதலாளி கவியரசன் கெடு வைத்துவிட்டான். 25ஆம் தேதி காட்டூர் திருவிழா. அன்றைக்கும் பெட்டி இரைந்தால், “கிட்டாரே வாணாம்ணே. கீபோர்டுலயே கிட்டார் சத்தம் வருது” என்றானாம்.

“மச்சான், கச்சேரிலேந்து என்னிய எடுத்துட்டா நான் வெறும் நண்டுக்காரன்தான்” என்றான் மாப்பிள்ளை. சொல்லும்போது சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

“ரெண்டே நாளு” என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஆகவே, மெட்ராஸ் ரெக்கார்டிங் தியேட்டரில் இம்மாதிரிப் பெட்டி ஐந்நூறு பார்த்தவன் நான் என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. பார்த்தது ஒன்று. அதுவும் கண்ணாடிக்கு வெளியே நின்று. ஆனால் நன்றாகப் பார்த்தேன்.

4 ஜூலை, வெள்ளி

பெட்டிக்கு முப்பது வயது இருக்கும். வால்வு கிடையாது, எல்லாம் டிரான்சிஸ்டர். பேர் எழுதிய தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டது. திறந்ததும் ஏரி வாடை.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆனால் சத்தத்தைப் பிரித்துப் பார்க்க எவனும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை. காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று திருடர்கள் இருக்கிறார்கள்.

ஒருவன் உறுமுகிறான், தூரத்துப் படகு இன்ஜின் மாதிரி, ‘ம்ம்ம்’ என்று. ஒருவன் இரைகிறான், பூசாரி கேட்ட இறால் இவன்தான். மூன்றாமவன் திருகைத் திருப்பும்போது மட்டும் ‘படபட’.

கிட்டார் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். மூன்றும் அப்படியே. ஆகக் கிட்டார் நிரபராதி. பிறகு வால்யூமை அடிமட்டம் வரை குறைத்தேன். இரைச்சல் கூடவே அடங்கியது, உறுமல் அசையவில்லை. அப்படியானால் இரைகிறவன் வால்யூமுக்கு முன்னால் குடியிருக்கிறான், உறுமுகிறவன் பின்னால், கரண்டு உள்ளே வரும் பக்கம்.

இதை என் மனைவி குணசுந்தரியிடம் விளக்கினேன். “திருடன் எந்த ரூமுல கீறான்னு தெரிஞ்சிபோச்சி, இன்னும் புடிக்கலையா?” என்றாள். இறால் வியாபாரம் செய்கிறவளுக்கு விஞ்ஞானம் புரியாது.

6 ஜூலை, ஞாயிறு

மூன்றாமவன் பிடிபட்டான். வால்யூம் திருகுகளுக்குள் அழுக்கு. கிளீனர் அடித்து ஒவ்வொன்றையும் நூறு முறை திருப்பினேன். (நாற்பது.) அப்புறமும் எப்போதாவது ஒரு ‘பட்’. பெட்டி ஓடும்போதே வலை பின்னுகிற மூங்கில் ஊசியால் ஒவ்வொரு பாகத்தையும் தட்டினேன். மூங்கிலில் கரண்டு ஏறாது. கிட்டார் ஒயர் செருகும் இடத்தைத் தட்டியதும் ‘பட்!’ ஈயம் விட்டிருந்தது. ஒரு சொட்டுப் பற்ற வைத்தேன்.

இந்த வலை ஊசி வைத்தியம் உலகத்திலேயே என்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

9 ஜூலை, புதன்

ஸ்பேர் வாங்கப் பொன்னேரி போனேன். உறுமலுக்குக் காரணம் இரண்டு பெரிய கண்டன்சர். இரண்டும் மண்டை உப்பிப் பேத்தை மீன் மாதிரி உட்கார்ந்திருந்தன. கழற்றுமுன் உள்ளே தேங்கின கரண்டை வெளியேற்ற ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். ‘டப்’ என்று ஒரு பொறி. ஸ்க்ரூடிரைவர் முனை போய்விட்டது. நான் பயப்படவில்லை. உட்கார்ந்த இடம் மட்டும் மாறியிருந்தது.

பொன்னேரிக் கடைப் பையன், “அண்ணே, அம்பது வோல்ட்டா, அறுபத்து மூணா?” என்றான்.

“அறுபத்து மூணு” என்றேன், அதைக் கண்டுபிடித்தவன் மாதிரி. கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை என்று மட்டும் தெரியும்.

11 ஜூலை, வெள்ளி

புதுக் கண்டன்சர் போட்டாயிற்று. படகு கரையேறிவிட்டது, உறுமல் அறவே இல்லை! மாப்பிள்ளையை வரவழைத்துக் காட்டினேன். குதிப்பான் என்று பார்த்தேன். பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இந்த ஸ்ஸ்ஸ்?”

“அது அடுத்த வாரம் காலி.”

“கொஞ்சம் விட்டு வையேன் மச்சான். சுத்தமா அடங்கிட்டா பொட்டி ஓடுதா செத்துச்சான்னே தெரியாதே.”

கவியரசன் கெடு வைத்தது அந்த ஸ்ஸ்ஸுக்குத்தானே என்றேன். ஆமாம் ஆமாம் என்றான். போய்விட்டான். வந்த காரியம் நன்றாக நடந்தால் சிலருக்கு அப்படித்தான், பேச்சு வராது.

14 ஜூலை, திங்கள்

இரைச்சல். முன்பக்கம் ஆறு டிரான்சிஸ்டர். எவன் என்று தெரியவில்லை.

16 ஜூலை, புதன்

இன்னும் தெரியவில்லை. டீக்கடை ஜெகதீஸ்வரன், “இன்னாண்ணே, ரெண்டு நாளு ஆயிடுச்சா?” என்று கேட்டான். ரெக்கார்டிங் தியேட்டரில் ஒரு பெட்டிக்கு மூன்று மாதம் எடுப்பார்கள் என்றேன்.

18 ஜூலை, வெள்ளி

பிடித்தேன் வழியை! கெட்டுப்போன டிரான்சிஸ்டரைக் குளிரவைத்தால் அதன் இரைச்சல் மாறும். பட்டணத்தில் இதற்கென்று டப்பாவில் குளிர்காற்று விற்கிறார்களாம். நம் வீட்டில் பெட்டி பெட்டியாக ஐஸ் இருக்கும்போது எனக்கு எதற்கு டப்பா? நாளை குணசுந்தரி மார்க்கெட்டுக்குப் புறப்படுமுன் ஒரு கை அள்ளிக்கொள்ள வேண்டும். சொல்லாமல்.

19 ஜூலை, சனி

எழுதக் கை வரவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். சின்ன பாலிதீன் பையில் ஐஸைக் கட்டி, பெட்டியை ஓடவிட்டு, ஒவ்வொரு டிரான்சிஸ்டர் தலையிலும் வைத்தேன். முதலாவது, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதின் மேல் வைத்தேன் — இரைச்சல் பாதியாக இறங்கியது! கத்திவிட்டேன். சந்தோஷத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டேன்.

பை கிழிந்தது.

தண்ணீர் போர்டு முழுக்க ஓடியது. ‘சர்ர்’ என்றது, ஃபியூஸ் போனது, பெட்டி செத்தது. வெறும் தண்ணீர்தானே, துடைத்தால் சரி என்று விரலால் துடைத்து, ஏனோ நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு! கடல் உப்பு!

சாயங்காலம் குணசுந்தரி வந்ததும் பிடித்துக்கொண்டேன். “ஐஸ்ல இன்னாத்துக்கு உப்ப போடற?”

“உப்பு போடாத ஐஸு பொன்னேரி வரிக்கும் தாங்குமா? கல்யாணம் ஆனதுலேந்து போடறேன். ஒரு நாளாச்சும் பாத்தியா?” என்றாள். அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். “யோவ்… அது அண்ணன் பொட்டியா?” பொன்னுரங்கத்தை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். குரல் இறங்கிவிட்டது. திட்டியிருந்தால் தேவலை.

ஆறு நாள் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? இவனே வந்து என்னிடம் கொடுத்தானே, வேறு ஊர்க் கடைக்குப் போகாமல். நான்தானே ஐந்நூறு பார்த்தவன்.

20 ஜூலை, ஞாயிறு

உப்புத் தண்ணீரில் விழுந்த போனை நல்ல தண்ணீரில் கழுவித்தான் காப்பாற்றுகிறார்கள். போர்டு மட்டும் என்ன, சாதி வேறா? ஒயர்களைக் கழற்றி, குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றி, பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். ஒரு கேன் தீர்ந்தது. இன்னொரு கேன்.

தேய்க்கத் தேய்க்க ஆச்சரியம். நேற்றைய உப்பு போன பிறகும் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ வந்துகொண்டே இருந்தது. டிரான்சிஸ்டர் காலுக்கடியில், ஈயத்து ஓரத்தில், பிசின் மாதிரி. பதினோரு வருஷம் ஏரிக் காற்று உள்ளே போய் உட்கார்ந்த உப்பு அது! ஐஸ் ஊற்றினது நேற்று ஒரு நாள். காற்று ஊற்றினது பெட்டி வந்த நாளிலிருந்து.

கடைசியாக ஸ்பிரிட்டால் ஒரு முறை துடைத்து வெயிலில் வைத்தேன். காக்கை கொத்தாமலிருக்க நல்ல இடம் ஒன்றுதான், குணசுந்தரி மீன் காயவைத்து மேலே வலை போட்டிருந்த தார்ப்பாய். நெத்திலிக்கு நடுவில் வைத்தேன். கருவாடு வாங்க வந்த ஒரு அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, “இது இன்னா மீனும்மா, இவ்ளோ முள்ளு?” என்று கேட்டாள். குணசுந்தரி சிரிக்கவே இல்லை. “அது எங்க ஊட்டுக்காரு புடிச்ச மீனு. விக்கறதுக்கில்ல” என்றாள்.

21 ஜூலை, திங்கள்

இன்னும் ஒரு வெயில் காயட்டும். மாப்பிள்ளை கடைப்பக்கம் வந்தான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருமினேன்.

22 ஜூலை, செவ்வாய்

அந்த மூன்றாவது டிரான்சிஸ்டரைக் கழற்றிப் புதிது போட்டேன். ஃபியூஸ் போட்டேன். பெட்டிக்கும் கரண்டுக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டினேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், பெட்டி பிழைக்கும். குணசுந்தரி பக்கத்தில் வந்து நின்றாள். சுவிட்சை நான் போடவில்லை, அவளைத்தான் போடச் சொன்னேன். அவள் கை ராசி.

பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியது. நல்லது. ஸ்பீக்கரில் காதை வைத்தேன்.

ஒன்றுமில்லை. உறுமல் இல்லை, இரைச்சல் இல்லை, ஒரு மூச்சுகூட இல்லை.

“செத்துபோச்சா?” என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. கிட்டார் ஒயரின் முனை கையில் இருந்தது. சும்மா, வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல், அதன் நுனியில் விரலை வைத்தேன்.

‘ட்ர்ர்ர்ர்ர்!’

உயிரோடு இருக்கிறது! சத்தம்தான் செத்திருக்கிறது! மேலே மாட்டியிருந்த நாலு ஃபேன் இறக்கையும் அதிர்ந்தன. குணசுந்தரி என் முதுகில் ஒரு அறை விட்டாள். சந்தோஷ அறைதான்.

இந்த வைத்தியத்தை முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் செய்தேன் என்று ஜெகதீஸ்வரன் கடையில் சொன்னேன். ‘உப்பை உப்பால் எடுப்பது’ என்று பேர்கூட வைத்துவிட்டேன். இங்கே மட்டும் எழுதுகிறேன்: திட்டமிடவில்லை.

23 ஜூலை, புதன்

மாப்பிள்ளை வந்து எடுத்துப் போனான். சுவிட்சைப் போட்டுக் கேட்டான். மறுபடி அணைத்துப் போட்டுக் கேட்டான். “ஒண்ணுமே இல்லியே மச்சான்” என்றான். “அதாம்பா வேலை!” என்றேன். வேர்த்திருந்தான்.

26 ஜூலை, சனி

நேற்று காட்டூர். நானும் போனேன், என் பெட்டி மேடை ஏறுவதைப் பார்க்க. முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்து ஆளுக்கெல்லாம் சொன்னேன்.

முதல் இரண்டு பாட்டு டிரம்ஸும் ரிதம் பேடும் சேர்ந்து அடித்ததில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மெதுவான பாட்டு. நடுவில் எல்லோரும் நிறுத்துகிறார்கள், கிட்டார் மட்டும் நாலு வரி. பெட்டி கண்ணாடி மாதிரி சுத்தம். அந்தச் சுத்தத்தில் மாப்பிள்ளையின் கிட்டார் வந்தது.

தப்பு. அடுத்ததும் தப்பு. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு வரி முழுக்க மௌனம். கூட்டத்தில் ஒரு குழந்தை இருமியதுகூடக் கேட்டது. மாப்பிள்ளை கூலிங் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான்.

கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும்போது கவியரசன் வந்தான். சத்தம் போடவில்லை. அதுதான் மோசம். “இத்தினி வருசமா நான் கிட்டார்னு நெனச்சிகினு இருந்தது, அந்த ஸ்ஸ்ஸதானாண்ணே?” என்றான். பிறகு, “ஆகஸ்டு பதினஞ்சு நம்ம ஊரு திருவிழா. ஊர்க்காரன்னு ஒரே ஒரு பாட்டு தரேன். இதே பாட்டு. அதுக்கு மேல என்னியக் கேக்காதே.”

லோடு ஆட்டோவில் பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

27 ஜூலை, ஞாயிறு

ஜமுனா வந்தாள். “ரிப்பேர் பண்றேன் ரிப்பேர் பண்றேன்னு எங்க ஊட்டுக்காரு மானத்த ரிப்பேர் பண்ணிட்டியேண்ணா. சோறு துன்னல” என்றாள். நான் என்ன வாசிக்கவா போனேன்? என்று திருப்பிக் கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

28 ஜூலை, திங்கள்

மாப்பிள்ளை மறுபடி அந்த டப்போடு வந்தான். பெட்டி, மேலே கிட்டார். கடையில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

“மச்சான், அந்த சத்தத்தத் திருப்பிப் போட முடியுமா?”

பிறகு எல்லாம் சொன்னான். வராத இடம் வந்தால் கிட்டாரில் இருக்கும் திருகை மூடிவிடுவானாம். பெட்டி பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கும். கை மட்டும் ஓடும். அந்த இரைச்சலில் கிட்டார் எங்கே நின்றது என்று எவனுக்கும் தெரியாது. பதினோரு வருஷத்தில் கஷ்டமான நாலு வரியை அவன் ஒரு தடவைகூட முழுதாக வாசித்ததில்லை.

“உறுமல்கூட வாணாம். அந்த ஸ்ஸ்ஸு மட்டும் போதும். கவியாண்ட மழைத்தண்ணி பூந்துடுச்சின்னு சொல்லிக்கறேன்.”

முடியுமாவா? அந்த மூன்றாம் நம்பர் டிரான்சிஸ்டர் மேஜை இழுப்பறையில் தீப்பெட்டிக்குள் இருந்தது. அரை மணி நேர வேலை. மூன்று கால், மூன்று சொட்டு ஈயம். கை இழுப்பறைக்கே போய்விட்டது.

பேசிக்கொண்டே அவன், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், ஒரு கம்பியைத் தட்டினான். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு சத்தம் எழுந்து, நின்று, மெதுவாகத் தேய்ந்து போனது. அது முடிகிறவரை அவன் வாயை மூடிக்கொண்டு கேட்டான். பதினோரு வருஷத்தில் தன் கிட்டாரை அவனே இன்றைக்குத்தான் கேட்கிறானோ?

“முடியாது மாப்ளே” என்றேன்.

“இன்னா மச்சான், உன்னால முடியாதா?”

“எடுக்கத் தெரியும். போடத் தெரியாது. அந்த அளவுக்கு நான் படிக்கல.”

இந்தக் கடை திறந்து பத்தொன்பது வருஷம். இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு எனக்கே புதுசாக இருந்தது. பொய்தான். ஆனால் இதுவரை சொன்ன பொய் எல்லாம் என்னைத் தூக்கிவிடத்தான் சொன்னேன்.

2 ஆகஸ்டு, சனி

நண்டை ஏலத்தில் விட்டதும் தினமும் இங்கே வந்துவிடுகிறான். வீட்டில் வாசித்தால் தெருவே எட்டிப் பார்க்கிறதாம். கடைக்குப் பின்னால், பழைய டி.வி. கூடுகளுக்கு நடுவில். அதே நாலு வரி. இரண்டாவது வரியில் அதே இடத்தில் தப்பு. நண்டு கடித்த விரல் என்கிறான். கடித்தது வலது கை, தப்புகிறது இடது கை.

குணசுந்தரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறால் உரிக்கிறாள்.

5 ஆகஸ்டு, செவ்வாய்

தப்பு.

8 ஆகஸ்டு, வெள்ளி

அந்த இடத்தைத் தாண்டிவிட்டான். ஒரே ஒரு முறை. குணசுந்தரி உள்ளேயிருந்து, “இன்னா, வேற பாட்டா?” என்றாள்.

16 ஆகஸ்டு, சனி

நேற்று நம் ஊர்த் திருவிழா. நான் முன்வரிசையில் உட்காரவில்லை. ஜெனரேட்டர் பக்கம் நின்றுகொண்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். முதல் வரி வந்தது. இரண்டாவது, வந்தது. மூன்றாவதில் ஒரு விரல் தடுமாறி எல்லோருக்கும் கேட்டது. நின்றுவிடுவான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நிற்கவில்லை. நாலாவதையும் முடித்தான். கூலிங் கிளாஸ் போடவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

கவியரசன் மைக்கில் பாராட்டவில்லை. அடுத்த பாட்டுக்குத் தாளைத் திருப்பினான். கீழே இறங்கப் போன மாப்பிள்ளையை, இருண்ணே என்பது போலக் கையால் அமர்த்தினான்.

இன்று காலை டீக்கடை. விஷயம் எப்படியோ பரவியிருக்கிறது. மாப்பிள்ளையே ஜமுனாவிடம் சொல்லி, அவள் குழாயடியில் சொல்லியிருப்பாள். ஜெகதீஸ்வரன் பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி, “இன்னாண்ணே, சத்தத்த எடுக்கத் தெரியுமாம், திருப்பிப் போடத் தெரியாதாமே? தியேட்டர்ல ஐந்நூறு பொட்டி பாத்தேன்னியே?” என்றான். ஒரே சிரிப்பு.

முழுப் பதிலும் தொண்டை வரை வந்துவிட்டது. மூன்று கால், மூன்று சொட்டு, அரை மணி. பெஞ்சின் ஓரத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்து, கிளாஸைப் பிடித்த கையின் விரல்களைத் தாளத்துக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். போண்டாவைக் கடித்துக்கொண்டேன்.

“ஆமாம்பா. தெரியல” என்றேன்.

ஜெகதீஸ்வரன் கொஞ்சம் யோசித்தான். அவன் வீட்டு டி.வி. மூன்று நாளாகப் படம் காட்டவில்லையாம். அதைப் பொன்னேரிக்கே எடுத்துப் போகிறானாம்.

போகட்டும்.